கோள்சொல்லியை எழுதியவள்

லூசில் மார்க்கூவுக்குக் கோபம் வந்தால் முதலில் கழுத்து சிவக்கும். ஆபீசில் எல்லோருக்கும் இது தெரியும். கழுத்து சிவந்தால் அவள் எதிரே நிற்கக் கூடாது. சிவப்பு காது வரை ஏறிவிட்டால் அந்த மாடியிலேயே நிற்கக் கூடாது. 1990 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை, மேலாளர் ஹாலிஸ் பிராக்டனின் அறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது, காபி மெஷின் பக்கம் நின்றிருந்த மூன்று பேரும் கோப்பையைப் பாதியில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

லோவெலில் கால்வாயை ஒட்டிய பழைய நெசவாலைக் கட்டடத்தில் மூன்றாவது மாடி முழுக்க அந்தக் கம்பெனி இருந்தது. சின்ன ஊர்களின் குடிநீர் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்து விற்றார்கள். எந்த பம்ப் எப்போது ஓட வேண்டும், தண்ணீரில் எந்த மருந்து எவ்வளவு கலக்க வேண்டும் என்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமின் பொறுப்பு. அந்தப் புரோகிராமில் பாதிக்கு மேல் லூசில் எழுதியது. பதினோரு வருஷ உழைப்பு. புதுப் பெட்டி ஒன்று வரப்போகிறது, அதன் தலைமை அவளுக்குத்தான் என்று ஆபீசே பேசிக்கொண்டிருந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"புதுப் பெட்டிய கிரெய்க் பாத்துக்கட்டும்" என்று ஹாலிஸ் சொல்லிவிட்டான். கிரெய்க் ஆம்ஸ்டென் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வாராவாரம் ஹாலிஸோடு கோல்ஃப் ஆடப் போகிறவன்.

"அப்ப நான்?"

"உனக்கு வேற ஒண்ணு வெச்சிருக்கேன். ரொம்ப முக்கியமான வேலை. அறிவிப்பு எழுதணும்."

"எதுக்கு அறிவிப்பு?"

"எல்லா ஃபங்ஷனுக்கும். சி மொழியோட புது வடிவம் வந்துடுச்சில்ல? நாமளும் மாறியாகணும். ஒவ்வொரு ஃபைலா தெறந்து பாத்து, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அறிவிப்பு டைப் பண்ணிட்டு வா. உனக்குத்தான் பொறுமை இருக்கு, லூசில். பசங்களுக்கு அது வராது."

அவளுக்குப் பொறுமை இருக்கிறது என்று அவளைப் பெற்றவள்கூடச் சொன்னதில்லை. 'ஆணுக்கு மூளை வேலை, பெண்ணுக்கு டைப் வேலை' என்பதை ஹாலிஸ் சர்க்கரை தடவிச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"டைப்பிஸ்ட் வேணும்னா ஏஜென்சிக்குப் போன் பண்ணு."

"பாத்தியா, இதுக்குத்தான் சொல்றேன். தலைமைப் பொறுப்புக்கு இந்தக் கோவம் ஆகாது."

அவள் கதவைச் சாத்திய சத்தம் கீழே கால்வாய் வரை கேட்டிருக்கும்.

விஷயம் என்னவென்றால், ஹாலிஸ் சொன்ன வேலை தேவையில்லாத வேலை இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சலாக்கியது. சி மொழியில் எழுதிய ஒரு புரோகிராம் முழுக்கச் சின்னச்சின்ன ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காரன் மாதிரி. ஒருவன் இன்னொருவனைக் கூப்பிட்டு, 'இந்தா, இதை வைத்து இதைச் செய்' என்று கையில் ஏதாவது கொடுப்பான். பழைய சி-யில் கொடுப்பவன் எதைக் கொடுக்கிறான், வாங்குபவன் எதை எதிர்பார்க்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டு கேட்பவனிடம் ஒன்றைக் கொடுத்தாலும், எண் கேட்பவனிடம் பெயரைக் கொடுத்தாலும், எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர் வாயைத் திறக்காது. பெட்டி எங்கோ ஓர் ஊரில் கோளாறு பண்ணும்போதுதான் தெரியும். புது சி-யில், இந்த ஃபங்ஷனுக்கு இத்தனை பொருள், இன்ன இன்ன வகை, திருப்பித் தருவது இன்னது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், தப்பாகக் கூப்பிடுகிற இடத்தையெல்லாம் கம்பைலரே பிடித்துக் கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்களுக்கு அந்த அறிவிப்பைக் கையால் எழுதச் சொல்வது, கடலை வாளியில் மொண்டு வைக்கச் சொல்வது போல. எழுதி முடித்த மறுநாளே யாராவது ஒரு ஃபங்ஷனை மாற்றினால் அந்த அறிவிப்பு பொய்யாகிவிடும்.

"நான் ஒரு வரி டைப் பண்ண மாட்டேன்" என்று அன்று சாயங்காலம் வீட்டில் சத்தம் போட்டாள். "ஃபைலப் படிச்சு அறிவிப்ப எழுதறதுக்கு ஒரு புரோகிராமே எழுதறேன். அந்தக் கழுத டைப் பண்ணட்டும்."

அவள் புருஷன் நோர்மன் ஹீட்டிங் ஆயில் லாரி ஓட்டுகிறவன். சி என்றால் அவனுக்கு ஒரு எழுத்து. "எந்தக் கழுத, ஹாலிஸா?" என்று கேட்டுவிட்டு, பீன்ஸ் சட்டியை அவள் பக்கம் தள்ளினான். "சாப்புட்டுட்டுத் திட்டு."

ஹாலிஸ் அவளைக் கேட்காமல் விட்டிருந்தால் அவள் இதை ஆறு மாதம் தள்ளிப்போட்டிருப்பாள். கோபத்தில் ஆறே வாரத்தில் முடித்தாள். அந்தப் புரோகிராம் ஒவ்வொரு சி ஃபைலையும் மேலிருந்து கீழே படிக்கும். எது ஃபங்ஷனின் தலை, எது உடம்பு என்று பிரிக்கும். தலையிலிருந்து பெயரையும், வாங்கும் பொருள்களின் வகையையும் எடுத்து, அரைப் புள்ளி வைத்து முடித்து, தனி ஃபைலில் அறிவிப்பாக எழுதிவைக்கும். யாராவது எதையாவது மாற்றினால் மறுபடி ஓட்டினால் போதும். எழுதிய ஃபைல் ஒவ்வொன்றின் முதல் வரியிலும், இதை ஆக்கியது லூசில் மார்க்கூவின் கோள்சொல்லி என்று பெயர் போடும்படி வைத்தாள். ஊரில் யார் யாருக்கு எதைத் தப்பாகக் கொடுக்கிறார்கள் என்று போட்டுக்கொடுக்கிறதே, வேறு என்ன பெயர் வைப்பது?

முதல் தடவை அந்த அறிவிப்புகளோடு கம்பைலரை ஓட்டிய அன்று திரையில் புகார்கள் மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தன. எல்லோரும் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது. அவரவர் பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது.

"இது என்னது, இது எழுதி நாலு வருஷமாச்சு, ஒழுங்கா ஓடுதே!" என்று ஒருவன் கத்தினான்.

"ஓடல. ஓடற மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றாள் லூசில்.

"கிரெய்க், உன் பேருதான் நெறைய வருது!"

கிரெய்க் சிரித்தபடி, "அவங்க புரோகிராம் எழுதினா என் பேரு வராம யார் பேரு வரும்?" என்றான். ஆனால் அவன் காது சூடாகிவிட்டதை லூசில் பார்த்தாள். அன்று மதியம் கேன்டீனில் அவள் தட்டோடு போனபோது, "பேச்ச நிறுத்துங்கடா, கோள்சொல்லி வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள். "நான் உண்மையச் சொன்னா கோள், நீங்க தப்பு செஞ்சா அது வெறும் கைப்பிசகு, இல்ல?" என்று கேட்டுவிட்டு அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்து சூப் குடித்தாள்.

கோள்சொல்லியில் ஒரு நுணுக்கமான இடம் இருந்தது. அதற்கு மட்டும் அவள் ஒரு வாரம் செலவழித்தாள். தசம எண்ணில் இரண்டு அளவு உண்டு. ஃப்ளோட் என்பது பாதி இடம் பிடிக்கும், டபுள் என்பது முழு இடம். பழைய முறையில் எழுதிய ஃபங்ஷன், 'எனக்கு ஃப்ளோட் வேண்டும்' என்று எழுதியிருந்தாலும், அது உண்மையில் எதிர்பார்ப்பது முழு அளவைத்தான். வாங்கிய பிறகு அதுவே சுருக்கிக்கொள்ளும். பழைய சி-யின் வழக்கம் அப்படி. ஆகவே அறிவிப்பில் ஃப்ளோட் என்று எழுதினால் கொடுப்பவன் பாதியைக் கொடுப்பான், வாங்குபவன் முழுதாகப் படிப்பான், மீதிப் பாதிக்குப் பக்கத்தில் கிடக்கிற குப்பையை எடுத்துக்கொள்வான். அதனால் கோள்சொல்லி, பழைய ஃபங்ஷன்களில் ஃப்ளோட் என்று படித்தால் டபுள் என்றுதான் எழுதும். பார்க்கிறவனுக்குத் தப்பு போலத் தெரியும். அதுதான் சரி. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிய சில ஃபங்ஷன்களில் மட்டும்தான் ஃப்ளோட் இருந்தது. என்றாலும் அந்த இடத்துக்கு மேலே பெரிய எழுத்தில், 'இதை யாரும் தொடாதே' என்று குறிப்பு எழுதிவைத்தாள்.

பிப்ரவரி கடைசியில் பித்தப்பையில் கல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுத்தார்கள். மூன்று வாரம் வீட்டில் படுக்கை. அந்த மூன்று வாரத்தில் கம்பெனி எல்லா ஊர்களுக்கும் புது புரோகிராமை அனுப்பிவிட்டது.

அவள் வேலைக்குத் திரும்பிய சில நாளில், ஏப்ரல் மாதப் பனி உருகி ஆறுகள் கலங்கி ஓடிய வாரத்தில், சமையலறை ரேடியோ செய்தி சொன்னது. நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்டில்சன் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் குடிதண்ணீரின் புளிப்பைக் குறைக்கக் கலக்கும் காஸ்டிக் சோடா அளவுக்கு மீறிக் கலந்துவிட்டது. காலையில் குளிக்கப் போனவர்களுக்கு உடம்பெல்லாம் வெந்தது. குழந்தைகள் காப்பகத்தில் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கு வாய் புண்ணாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிர்ச் சேதம் இல்லை. நிலையத்தின் பணியாளர் வெர்னா ஸ்டிக்னி என்ற பெண் அளவைத் தவறாக டைப் செய்துவிட்டதாகத் தெரிகிறது. அவர் தற்காலிகமாக நீக்கப்பட்டிருக்கிறார்.

லூசில் கையிலிருந்த டோஸ்ட்டைக் கீழே வைத்தாள். ஸ்டில்சன் ஃபால்ஸில் இருப்பது அவர்கள் பெட்டி.

"டைப் பண்ணினதுல தப்பா இருக்க முடியாது" என்றாள். "எவ்வளவு டைப் பண்ணாலும் ஒரு எல்லைக்கு மேல பெட்டி ஏத்துக்காது. அத நான்தான் எழுதினேன்."

"அப்ப?" என்றான் நோர்மன்.

"அப்பன்னா, உள்ள ஏதோ இருக்கு."

ஆபீசில் ஹாலிஸ் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினான். முகத்தைத் துக்க வீட்டுக்குப் போனவன் மாதிரி வைத்திருந்தான். "ஆபரேட்டரோட தப்புதான். அந்தப் பொம்பள பெட்டிய கைமுறைக்கு மாத்தி எதையோ அடிச்சிருக்கா. யாரு கேட்டாலும் இதான் பதில். பத்திரிகைக்காரன் போன் பண்ணா என்கிட்ட அனுப்புங்க."

கூட்டம் கலைந்ததும் அவளை மட்டும் நிறுத்தினான். குரலை இறக்கினான்.

"லூசில், நமக்குள்ள சொல்றேன். உள்ள ஒரு சின்ன சிக்கல் இருக்குன்னு பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க. அளவ மாத்துற ஃபங்ஷனோட அறிவிப்பு தப்பு. அது உன் கோள்சொல்லி எழுதினது. முதல் வரியிலேயே உன் பேரு இருக்கு."

 அவள் தன் இடத்துக்கு ஓடிப் போய் அந்த அறிவிப்பைத் திறந்து பார்த்தாள். டபுள் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளோட். முதல் வரியில் அவள் பெயர். பிறகு கோள்சொல்லியையே திறந்தாள். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய அந்த இடம் காணவில்லை. 'இதை யாரும் தொடாதே' என்ற குறிப்பையும் சேர்த்து வழித்து எடுத்திருந்தது. மாற்றியவர் பெயர் பக்கத்தில் இருந்தது.

கழுத்து, காது, நெற்றி எல்லாம் சிவந்து அவள் கிரெய்க்கின் மேசைக்குப் போனாள். அம்மா காதில் விழுந்திருந்தால் அறைந்திருக்கக்கூடிய ஒரு வசவு, சர்ச்சின் புனிதப் பொருளை இழுத்துத் திட்டுவது, அவள் பிறந்த வீட்டுக் கனடா பிரெஞ்சில் வாயிலிருந்து வந்தது.

"இத மாத்தினது நீயா?"

"எத?" என்றவன் திரையைப் பார்த்ததும் அடங்கினான். "ஃபைல்ல ஃப்ளோட்னு இருக்கு, உன் கோள்சொல்லி டபுள்னு எழுதுது. தப்புன்னு நெனச்சேன். சரிபண்ணேன்."

"தொடாதேன்னு எழுதியிருந்தேனே, கண்ணு தெரியலயா?"

"நீ எல்லாத்துக்கு மேலயும் அப்படித்தான எழுதுற! உன் ஸ்டேப்ளர் மேலகூட எழுதியிருக்க."

அது உண்மைதான். அது உண்மையாக இருந்ததே அவள் கோபத்தில் எண்ணெய் ஊற்றியது.

"சரி, என் எழுத்த மதிக்க வேணாம். கம்பைலர் சொல்லியிருக்குமே! ஃபங்ஷனும் அறிவிப்பும் ஒத்துப்போகலன்னு கத்தியிருக்குமே!"

கிரெய்க் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான்.

"கத்துச்சா இல்லயா?"

"கத்துச்சு" என்றான். "ஹாலிஸ் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பியே ஆகணும்னான். அந்தப் புகார் வராம அணைச்சிடுன்னு சொன்னான். அணைச்சுட்டேன். சோதனையில எல்லாம் சரியாத்தான் ஓடுச்சு, லூசில். சத்தியமா."

ஓடியிருக்கும். சோதனையில் பெட்டியைத் தானாக ஓடவிட்டுத்தான் பார்த்திருப்பார்கள். அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது, மனிதர் ஒருவர் கைமுறைக்கு மாற்றிப் புது அளவு கொடுக்கும்போது மட்டும். ஆற்றுத் தண்ணீர் கலங்கியதும் வெர்னா அதைத்தான் செய்திருக்கிறாள். அவள் டைப் செய்த எண் திரையில் சரியாகத்தான் தெரிந்திருக்கும். உள்ளே பம்புக்குப் போனது பாதி எண்ணும் பாதிக் குப்பையும். அது எங்கேயோ வானத்தில் இருக்கிற எண்ணாக ஆகியிருக்கும். டைப் செய்யும்போது பார்க்கிற எல்லை அதைப் பிடிக்காது; அடுத்து பம்பின் உச்ச வேகத்துக்கு வைத்த எல்லையில் பெட்டி அதை நிறுத்தி, பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கும். பம்பைக் காக்க லூசில் எழுதிய அந்த எல்லையே காஸ்டிக்கை முழு மூச்சில் ஊற்றியிருக்கிறது. 

ஹாலிஸின் அறைக்கதவை அவள் தட்டாமலே தள்ளித் திறந்தாள்.

"அந்தப் பொம்பள தப்புப் பண்ணலன்னு உனக்குத் தெரியும்."

"கத்தாத. உக்காரு."

"தெரியுமா தெரியாதா?"

"லூசில், எல்லா ஊருக்கும் திருத்தின புது டிஸ்க் அனுப்பியாச்சு. இனிமே நடக்காது. வக்கீல் பேசறார். இதுல நாம வாயத் தெறந்தா கம்பெனியே மூழ்கிடும். இங்க நாப்பது குடும்பம் இருக்கு."

"வெர்னா ஸ்டிக்னிக்குக் குடும்பம் இல்லயா?"

"அவங்க ஊர்ல அவங்க பாத்துக்குவாங்க. இங்க பாரு, உன் பேர நான் வெளிய விடல. அதுக்கு நீ எனக்கு நன்றி சொல்லணும்."

"என் பேரா?" லூசில் அவன் மேசைமேல் குனிந்தாள். "நீ அணைக்கச் சொன்ன புகாருக்கு என் பேரா?"

"முதல் வரியில யார் பேரு இருக்கு? வெளிய இருக்கறவன் அதத்தான் பாப்பான்."

அவள் மேசைமேல் இருந்த அவன் கோல்ஃப் போட்டியில் வென்ற கோப்பையை எடுத்தாள். அவன் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். அவள் அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

சனிக்கிழமை சாப்பிடும்போது நோர்மனிடம் சொன்னாள்: "ஸ்டில்சன் ஃபால்ஸ் ஊர்க் குழு விசாரணை வெக்குது. செவ்வாய்க்கிழமை. நான் போறேன்."

"வேலை போயிடும்."

"தெரியும்."

"அப்புறம் நாளெல்லாம் வீட்டுல இருந்து என்னைத் திட்டுவ." கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "போ. அவங்களயே திட்டிட்டு வா. லாரிய எடுத்துக்கோ, உன் கார் மலை ஏறாது" என்றான்.

"ஆயில் லாரியிலயா?"

"பின்ன? கூட்டத்துக்கு நடுவுல எறங்கினா ஒரு கெத்து வேணாமா?"

அவள் தன் காரில்தான் போனாள். விசாரணைக்கு முன்னால் வெர்னாவின் வீட்டைத் தேடிப் போனாள். ஸ்டில்சன் ஃபால்ஸ் மொத்தமே ஒரு மளிகைக் கடை, ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க். மளிகைக் கடைக் கண்ணாடியில், 'ஸ்டிக்னியை வெளியேற்று' என்று அட்டை மாட்டியிருந்தது. வெர்னா ஐம்பது வயதைத் தாண்டியவள், உயரமானவள். இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்தாள். தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று போன் வந்ததும், காஸ்டிக் குழாயை அடைக்க அவளே கையை விட்டு வேகவைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் லூசில் மார்க்கூ. அந்தப் பெட்டி செய்யற கம்பெனியிலேர்ந்து வர்றேன். உங்ககிட்ட…"

"போடி வெளிய" என்றாள் வெர்னா.

"நீங்க தப்புப் பண்ணலன்னு சொல்லத்தான் வந்தேன்."

"நான் தப்புப் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? அதச் சொல்ல லோவெல்லேர்ந்து ஒருத்தி வரணுமா?" வெர்னா கதவை மறித்து நின்றாள். "பதினாறுன்னு அடிச்சேன். திரையில பதினாறுன்னு பாத்தேன். எட்டுத் தடவ சொல்லிட்டேன். எங்க அக்கா பேரன் அந்தக் காப்பகத்துலதான் இருந்தான். என் அக்கா என்கூடப் பேசறதில்ல. தெரியுமா உனக்கு? மளிகைக் கடையில அட்ட பாத்தியா? கடைக்காரி என்கூடப் படிச்சவ."

"பாத்தேன்."

"அந்தப் பெட்டிய யார் எழுதினது?"

"பாதிக்கு மேல நான்."

வெர்னா வலது கையை ஓங்கினாள். கட்டுப் போட்ட கை. ஓங்கிய கை பாதியில் நின்று, வலியில் அவளே அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். லூசில் நகரவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"வா, சாயங்காலம்" என்றாள் வெர்னா கடைசியில். "எல்லார் முன்னாடியும் சொல்லு. என்கிட்ட சொல்லாத."

ஊர் மண்டபத்தில் மடக்கு நாற்காலிகள் போதாமல் சுவரோரம் நின்றார்கள். கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டிய ஆள்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த அம்மாக்கள். முன்வரிசையில் கம்பெனி வக்கீலும் ஹாலிஸும். வக்கீல் எழுந்து ரொம்ப மரியாதையாக, ரொம்ப வருத்தமாக, பெட்டி சொன்னதைச் செய்தது, சொன்னவர்தான் தவறாகச் சொன்னார் என்று விளக்கினார். பலர் தலையாட்டினார்கள். வெர்னா மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலி.

லூசில் எழுந்தாள்.

"இவர் சொல்றது பொய்."

ஹாலிஸ் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்தது. "லூசில், உக்காரு."

"உக்காருன்னா உக்கார நான் என்ன உன் வீட்டு நாயா?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. குழுத் தலைவர், சிவப்புச் சட்டை போட்ட கிழவர், மேசையைத் தட்டினார். "நீங்க யாரும்மா?"

"அந்தப் பெட்டிக்குள்ள இருக்கற புரோகிராம எழுதினவ." சிரிப்பு சட்டென்று நின்றது. "வெர்னா பதினாறுன்னு அடிச்சாங்க. பெட்டி பதினாறுன்னு காட்டுச்சு. பம்புக்குப் போனது பதினாறு இல்ல."

"எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "நீங்க உங்க தம்பிக்குப் போன் பண்ணணும். நம்பர்ல முதல் பாதிய மட்டும் ஒருத்தன் உங்ககிட்ட சொல்றான். மீதிப் பாதிக்கு, பக்கத்துச் சீட்டுல எழுதியிருக்கற ஏதோ ஒரு நம்பர எடுத்து நீங்க சேத்துக்கறீங்க. டயல் பண்றீங்க. யார் வீட்டுல மணி அடிக்கும்?"

"எவன் வீட்டுலயோ."

"அதான் நடந்துச்சு. பாதிதான் குடுப்பேன்னு ஒரு பக்கம் தப்பா அறிவிச்சிருந்தது. முழுசும் வரும்னு இன்னொரு பக்கம் வாங்குச்சு. அந்த அறிவிப்பு முதல்ல சரியாத்தான் இருந்துச்சு. நான் இல்லாதப்ப மாத்தினாங்க. அது தப்புன்னு கம்பைலர் கத்துச்சு. அந்தச் சத்தத்த அணைச்சுட்டு உங்க ஊருக்கு அனுப்பினாங்க. அணைக்கச் சொன்னவரு முன்வரிசையில உக்காந்திருக்காரு."

வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். யார் காதிலும் விழவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் நேராக ஹாலிஸின் எதிரே போய் நின்றாள். "என் புள்ள வாயப் பாருடா" என்றாள். "பாரு. தல குனியாத, பாரு." ஹாலிஸ் பார்த்தான். வேறு வழி இல்லை. ஒருவன் நாற்காலியை உதைத்தான். தலைவர் மேசையைத் தட்டித் தட்டிக் கை சோர்ந்து விட்டுவிட்டார்.

வெளியே வாசலில் வெர்னா அவளைக் கடந்து போனாள். நின்று, "நீ வந்தது சரி. அதுக்காக நன்றி சொல்வேன்னு நிக்காத" என்றாள்.

"நிக்கல."

"அந்தப் பெட்டிய எழுதினது நீதான். அத நான் மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம்" என்றாள் லூசில்.

வெர்னாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மளிகைக் கடைக்காரி அட்டையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள். கம்பெனி, காப்பகத்துப் பிள்ளைகளின் பெற்றோரோடு நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானம் செய்துகொண்டது. மூழ்கவும் இல்லை. லூசிலை மறுநாளே வாசலில் நிறுத்தி, அவள் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். கிரெய்க் அந்தப் பெட்டியைக் கார் வரை தூக்கி வந்தான். "நான் பேசியிருக்கணும்" என்றான். "ஆமா, பேசியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் டிக்கியை அறைந்து சாத்தினாள். அந்த வருஷக் கடைசியில் ஹாலிஸுக்குப் பதவி உயர்வு வந்ததாகக் கேள்விப்பட்டபோது அவள் போட்ட சத்தத்தில், நோர்மன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.

கோள்சொல்லி கம்பெனியின் சொத்து. அதைத் தொட அவளுக்கு உரிமை இல்லை. அவள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, முதல் வரியிலிருந்து வேறு ஒன்றை எழுதினாள். இந்த முறை ஒழுங்கான இலக்கணத்தோடு, பழைய முறை புது முறை இரண்டையும் பிரித்தறிகிற மாதிரி. எழுதி முடித்ததும் நெட்வொர்க்கில் உலகத்துக்கே இலவசமாகப் போட்டாள். மினசோட்டாவிலிருந்து, ஃபின்லாந்திலிருந்து, சிட்னியிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். சிலர் பிழை காட்டினார்கள், சிலர் திருத்தியே அனுப்பினார்கள். 'உங்கள் புரோகிராம் ரொம்ப மரியாதைக் குறைவாகப் புகார் சொல்கிறது, அதை அணைக்க ஒரு வழி வேண்டும்' என்று ஒருவன் கேட்டான். 'முடியாது' என்று ஒரே சொல்லில் பதில் போட்டாள். அடுத்த வருஷம் நாஷுவாவில் இன்னொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் கேள்வி கேட்டவள் அந்தப் புரோகிராமை ஏற்கெனவே தினமும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஹாலிஸை அவள் பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். சூப்பர் மார்க்கெட்டில் சோளக் கதிர் குவித்து வைத்திருந்த இடத்தில், ஆகஸ்டில். தலைமுடி கொட்டியிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு சிரித்த முகமாகவே வந்தான்.

"லூசில்! எத்தன வருஷம் ஆச்சு! நல்லா இருக்கியா?" அவள் சோளக் கதிர்ப் பக்கம் திரும்பியதைப் பார்த்து, "இன்னுமா கோவம்? விடு, எல்லாம் பழசு" என்றான்.

அவள் ஒரு கதிரை எடுத்து, மேல் இலையைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் மணி இல்லை. அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

"வெர்னா கையில இன்னும் தழும்பு இருக்கு" என்றாள். "பழசாகல."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு பால் பக்கம் போய்விட்டாள்.